மாத்திரைக் கவரில் நாலு வரி எழுதிக்கொடுத்த தம்பிக்கு

அண்ணன் கண் முழிச்சு இட்லி கேட்டுட்டார். சுகர் மாத்திரை போடுகிறவர் வெறும் வயிற்றில் குடித்து, சுகர் இறங்கி நினைவு தப்பியது காசிமேட்டுக்கே தெரியும், விலாவாரியாக மறுபடி சொல்லப்போவதில்லை. தூக்கி வந்த பசங்க, வாடகை வாங்காத ஆட்டோக்காரர், 108 ஊழியர்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ராத்திரி பூரா விரலில் குத்திக் குத்திச் சுகர் பார்த்த சிஸ்டர்கள், எல்லாருக்கும் பெரிய கும்பிடு.

மெடிக்கலில் நிற்கும் தம்பி, உனக்குத்தான் இந்த மடல். கவரில் 1-0-1 (காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று) போட்டுக் கொடுத்தாலே உன் வேலை முடிந்தது. நீ பின்பக்கம் நீலப் பேனாவில் எழுதியிருந்தாய்: "குடிச்சிருந்தா வெறும் வயித்துல படுக்க விடாதீங்க. உளறினா, வேர்த்துக் கொட்டினா போதைன்னு விட்டுடாதீங்க, சுகர் பாருங்க. 70-க்குக் கீழ இருந்தா தண்ணில மூணு ஸ்பூன் சர்க்கரை, 15 நிமிஷத்துல திரும்பப் பாருங்க. நினைவு இல்லன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 108." 'தூங்கினா தெளிஞ்சிடும்' என்று நாலு பேர் சொன்னபோது சுகர் பார்க்கும் மெஷினை எடுக்க வைத்தது அந்தக் கவர்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: சாப்பாடு இல்லாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை செய்து அனுப்புவது ஈரல். சரக்கு உள்ளே போனால் அந்த வேலை படுத்துவிடும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரைகளோ சாப்பிட்டாயா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் விட வைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே கதிதான். குடித்த உடனே என்றில்லை, விடியற்காலையிலும் சுகர் இறங்கும். குளுக்கோஸ் ஏற்றியபின் மறுபடியும் இறங்கும், மாத்திரையின் வேகம் அவ்வளவு நேரம் நிற்கிறது. குளுக்கோஸ் ஏற்றியும் வீட்டுக்கு விடாமல் வார்டிலேயே வைத்திருந்தது அதனால்தான். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை மட்டும் சாப்பிட்டால் இப்படி இறங்குவது குறைவு. அதற்காகத் தைரியம் வேண்டாம், அளவு மீறிக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும், அது இதைவிட மோசம்.

எங்கள் வீட்டு மெஷின் இனி பீரோவுக்குள் இருக்காது, டிவி பக்கத்தில்தான். ரத்தச் சொட்டு வைத்து மெஷினில் செருகும் ஸ்ட்ரிப் டப்பாவை இறுக்கி மூடுவோம். ஈரக் காற்றில் ஸ்ட்ரிப் கெட்டுப்போனால் காட்டுகிற நம்பரை நம்ப முடியாது.

தம்பி, கை ஒழிந்தால் வலிப்பு மாத்திரை வாங்குபவர்கள் கவரிலும் ஒரு வரி எழுது. "இன்னிக்குச் சரக்கு, மாத்திரை வேணாம்" என்று அவர்களாக நிறுத்திவிடுகிறார்கள். குடியும் சேர்ந்து மாத்திரையும் விட்டுப்போனால் அன்றைக்கோ மறுநாளோதான் வலிப்பு வருகிறது.