நோயற்ற கன்று வந்துவிட்டது; மலையைச் சுத்தம் செய்வது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல்கலைக்கழக ஆராய்ச்சியால் விவசாயிக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள், கீழ்ப்பழனி மலையின் விருப்பாட்சி வாழையைப் பார்க்க வேண்டும். 1970-களில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் இருந்த இந்த மலைவாழை, அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோயான முடிக்கொத்து நோயால் 2,000 ஹெக்டேருக்குச் சுருங்கியது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு உரிய பழத்துக்கே தட்டுப்பாடு வந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றுகளை (தாய்மரத்தின் திசுவிலிருந்து ஆய்வகத்தில் பெருக்கியவை) உருவாக்கித் தந்த பிறகே மறுநடவுக்கு வழி பிறந்தது.

திசு வளர்ப்பு என்றாலே நோயற்றது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது ஆபத்தானது. தாய்மரத்தில் வைரஸ் இருந்தால் அதிலிருந்து பெருக்கும் ஆயிரக்கணக்கான கன்றுகளிலும் அது இருக்கும். தாய்மர இலையை வைரஸைக் கண்டறியும் எலைசா, பிசிஆர் என்ற ஆய்வக முறைகளில் சோதிப்பதுதான் இந்த ஆராய்ச்சியின் உயிர்நாடி. கன்று வாங்குவோர் விலை பேசுமுன் சோதனைச் சான்றைக் கேட்க வேண்டும். ஓரடி உயரமும் விரிந்த ஐந்து இலைகளும் இல்லாத கன்றை மலைச்சரிவில் நடக் கூடாது.

நல்ல கன்றுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் நோய்ப்பட்ட ஒரு தூர் நின்றால் போதும், அசுவினி வைரஸைக் கொண்டுவந்துவிடும். நம் மலைவாழை ஆண்டுக்கணக்கில் அதே தூரில் காப்பிக்கு நிழலாக நிற்பது; ஒருமுறை புகுந்த வைரஸ் பக்கக்கன்று வழியே தொடர்ந்துகொண்டே இருக்கும். வெட்டுக்கத்தியால் இந்நோய் பரவுவதில்லை.

நோய்ப்பட்ட மரத்து இலையின் அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நரம்புகளில் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாகத் தெரியும். அப்போதே அந்த மரத்தை அகற்ற வேண்டும். இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகும் வரை காத்திருந்தால் அசுவினி அடுத்த மரங்களுக்குப் போயிருக்கும். அகற்றுவதிலும் வரிசை உண்டு. முதலில் குருத்திலும் தண்டின் அடிமட்டைகளுக்கு உள்ளேயும் மருந்தடித்து அசுவினியைக் கொல்ல வேண்டும். பிறகு 400 மில்லி தண்ணீரில் 50 கிராம் ஃபெர்னாக்சோன் (2,4-டி) என்ற களைக்கொல்லியைக் கரைத்து, அதில் 4 மில்லியைத் தண்டுக்குள் ஊசியால் செலுத்த வேண்டும். மரம் காய்ந்ததும் பக்கக்கன்றுகளோடு கிழங்கையும் சேர்த்துத் தோண்டி அழிக்க வேண்டும். பலர் மருந்தடிக்காமல் நேரே வெட்டிச் சாய்க்கிறார்கள். கலைந்த அசுவினி நல்ல மரங்களில் போய் ஏறிவிடுகிறது.

இதை ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. ஒரு சரிவில் உள்ள எல்லாத் தோட்டங்களும், கைவிடப்பட்டவை உட்பட, ஒரே சமயத்தில் செய்தாக வேண்டும். கீழ்ப்பழனியில் நடவுப் பருவம் ஏப்ரல், மே. அதற்கு முன்பே தோட்டக்கலைத் துறை பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் பகுதிகளில் சரிவுவாரியாக நோய்த்தூர் அகற்றும் குழுக்களை இறக்க வேண்டும். கன்றுக்குத் தரும் மானியத்தில் அகற்றும் கூலியையும் சேர்க்க வேண்டும். சந்தேக இலையைக் கொண்டுவந்தால் சோதித்து ஒரு வாரத்துக்குள் முடிவு சொல்லும் பணியைத் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்திலேயே, ஆண்டு முழுவதும் நடத்தப் பல்கலைக்கழகம் ஆட்களையும் நிதியையும் ஒதுக்க வேண்டும்.

மலைவாழைச் சாகுபடியாளர்கள்,
தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்.