பேசிப் பழகாதவர்கள் எப்படிச் சேர்ந்து பள்ளி நடத்துவார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தொடக்கக் கல்வி பட்டயப் படிப்பில் சேர ஆளில்லாமல் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். வேலை கிடைப்பதில்லை, ஆசிரியர் தகுதித் தேர்வு போதாதென்று 2018-இல் வந்த 149-ஆம் எண் அரசாணையால் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டியிருக்கிறது என்று காரணங்களைச் சொல்லியிருந்தீர்கள். எல்லாம் உண்மை. ஆனால் இவ்வளவுக்குப் பிறகும் நம்பிக்கையோடு வந்து சேரும் பிள்ளைகள் அந்த இரண்டு வருஷத்தை எப்படிக் கழிக்கிறார்கள், யாரோடு பேசுகிறார்கள், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியையான எனக்கு அதுதான் பெரிய கவலையாக இருக்கிறது.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று பேர். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இரண்டே பேர்தான். ஐந்து வகுப்பையும் அவர்கள்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். காலை உணவு வந்ததா, எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் வருகைப்பதிவு ஏறியதா, மூன்றாம் வகுப்புப் பையனுக்குக் காய்ச்சல், வீட்டுக்கு யார் சொல்லி அனுப்புவது என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தால்தான் பள்ளி நடக்கும். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று ஒருவர் கிளம்பிவிட்டால் மொத்தப் பள்ளியும் மற்றவர் தலையில். அந்த இருவரில் ஒருவர் ஆணாகவும் ஒருவர் பெண்ணாகவும் இருப்பது வெகு சாதாரணம். வேறு வேறு ஊர், வேறு வேறு சாதி என்பதும் அப்படித்தான்.

எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், ஒரு பையனும் ஒரு பெண்ணும். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். பாடக்குறிப்பு எல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கும். முதல் நாள் காலை இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இந்த அறைக்கும் அந்த அறைக்கும் ஓடிக்கொண்டே இருந்தாள். என்னவென்று பார்த்தால், "அக்கா சாக்பீஸ் டப்பா கேக்குறாங்க" என்று அந்தப் பையனிடம் போய்ச் சொல்கிறாள். அவன் டப்பாவை அவள் கையில் கொடுத்து அனுப்புகிறான். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படிப்பவர்கள், காலையில் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள்!

மத்தியானம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பசங்களோட பேசினா ஃபைன் மேடம். ரெண்டாவது தடவைன்னா வீட்டுக்குப் போன் பண்ணிடுவாங்க. அப்பா படிப்பை நிறுத்திடுவார்" என்றாள். எனக்கு மனசே ஆறவில்லை. அடுத்த நாளே, சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் 'எண்ணும் எழுத்தும்' வகுப்புக்கு ஒரு கதையை இருவரும் சேர்ந்து நடித்துக்காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். முதலில் வெலவெலத்துப் போனார்கள். பிறகு அவன் பழைய சாக்ஸில் நரிப் பொம்மை தைத்துக்கொண்டு வந்தான், அவள் காக்காவுக்குக் குரல் கொடுத்தாள். நரி வடையைக் கேட்டுக் கெஞ்சிய கெஞ்சலில் பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். அவ்வளவு நன்றாக நடிக்கத் தெரிந்தவர்கள்! அதைத் தங்கள் நிறுவனத்தில் ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை என்றார்கள்.

நான் 1990-களின் தொடக்கத்தில் பயிற்சி எடுத்தவள். அப்போதும் கட்டுப்பாடுகள் இருந்தன. ஆனால் சாயங்காலம் என்று ஒன்று எங்களுக்கு இருந்தது. வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் சார்ட்டையும் ஸ்கெட்ச் பேனாவையும் பரப்பிக்கொண்டு உட்காருவோம். கையெழுத்து நன்றாக இருப்பவர் தலைப்பு எழுத, படம் வரையத் தெரிந்தவர் வரைய, ஒன்றும் வராதவர் பசை தடவுவார். இலக்கிய மன்றத்தில் மேடை ஏறிப் பாதியில் நின்றுவிட்டால் கீழே இருந்து யாராவது அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பார்கள். குடிமைப் பயிற்சி முகாமுக்குப் போனால் சமையல் முறை வைத்துச் செய்வோம். சாம்பாரில் உப்பு கூடிப்போனாலும் எல்லாரும் அதையேதான் சாப்பிட வேண்டும். சின்னதாக ஒரு பாடத்தை எடுத்துப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலில் சக மாணவர்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார்ந்து அடம்பிடிப்பார்கள், அழுவார்கள், "டீச்சர், இவன் கிள்ளுறான்" என்பார்கள். பெரியவர்கள் முன்னால் குழந்தையாக நடிக்கும் கூச்சம் அங்கேதான் எங்களைவிட்டுப் போனது. இன்றைக்கு ஒன்றாம் வகுப்பில் குதித்துக் குதித்துப் பாடுகிறேன் என்றால் அந்த வராந்தாதான் காரணம்.

இப்போது அந்தச் சாயங்காலம் தகுதித் தேர்வுக்குப் போய்விட்டது. தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கான முதல் தாளில் 150 கேள்விகள். குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் ஒவ்வொன்றுக்கும் 30. எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. பாடத் தெரியுமா, கதை சொல்லத் தெரியுமா, சக ஆசிரியரோடு ஒத்துப்போகத் தெரியுமா என்று அது கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பதிவு மூப்புக்குக் காத்திருந்தோம். இவர்கள் தேர்வுக்கு மேல் தேர்வு எழுத வேண்டும். வகுப்பு முடிந்த கையோடு கோச்சிங் சென்டருக்கு ஓடுகிறார்கள். சேர்க்கை குறைந்ததால் பல இடங்களில் விடுதியும் கிடையாது. பதினைந்து பேர்கூட இல்லாத வகுப்பில் யாரை வைத்து மன்றம் நடத்துவது என்று விரிவுரையாளர்கள் கேட்கிறார்கள். பதினைந்து பேர் போதும் என்பது என் எண்ணம். எங்கள் பள்ளியில் ஆண்டுவிழாவையே இரண்டு பேர்தான் நடத்துகிறோம்.

ஆண் பெண் பேசக்கூடாது என்ற விதியைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். நானும் இரண்டு பெண்களைப் பெற்றவள், பெற்றோரின் பயம் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தப் பயத்துக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் சாதி. யாரோடு பேசுகிறாள் என்ற கேள்விக்குள் அவன் எந்த ஆட்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனும் அவன் தங்கையும் சாதிப் பகையில் வெட்டப்பட்ட பிறகு, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசு ஒருநபர் குழுவாக அமைத்து, 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. மாணவர்கள் தங்கள் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றி எல்லாரும் பேசினோம். அந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொல்ல வேண்டியவர்கள் இந்தப் பயிற்சி மாணவர்கள்தான். கூடப் படிப்பவரின் தூக்குவாளியிலிருந்து ஒரு கை சோறு வாங்கிச் சாப்பிடாமலே இரண்டு வருஷத்தை முடித்துவிட்டு வருபவர், எட்டு வயதுப் பையனிடம் எந்த வாயால் அதைச் சொல்வார்?

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு உங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். பேசினால் அபராதம் என்ற விதி எங்கே இருந்தாலும் அதை எடுக்கச் சொல்லி எழுத்துப்பூர்வமாகச் சுற்றறிக்கை அனுப்புங்கள். வாரத்தில் இரண்டு மாலைகளையாவது கால அட்டவணையிலேயே ஒதுக்கி, கதை, பாட்டு, பொம்மை, நாடகம் என்று கலந்து வேலை செய்ய விடுங்கள். முகாம் நடந்ததாகக் கோப்பில் மட்டும் இருந்தால் போதாது, மூன்று நாளாவது சேர்ந்து சமைத்துச் சாப்பிடட்டும். பார்வையிட வரும் அதிகாரிகள் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டுவதோடு நிறுத்தாமல், அந்த மாலை நேரத்தில் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பும்போது ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் சேர்த்து ஈராசிரியர் பள்ளிக்கே அனுப்புங்கள். எங்கள் ஒன்றியத்தில் அப்படி வருபவர்களை ஏற்றுக்கொள்ள நானும் என் சக ஆசிரியரும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியை,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
விருதுநகர் மாவட்டம்.