மலைமொழிகளுக்கு எழுத்து வகுப்போருக்குத் திறந்த மடல்

நீலகிரியின் மொழிகளுக்கு அகராதியும் பாடநூலும் ஆக்கும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

படுகு, தோடர், கோத்தர் மொழிகளைத் தமிழ் எழுத்தில் எழுதுவதில் எங்களுக்கும் உடன்பாடே. 19-ஆம் நூற்றாண்டில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு படுகுக்குக் கன்னட எழுத்தைக் கையாண்டது. இன்று இங்குள்ள பிள்ளைகள் பள்ளியில் படிப்பது தமிழ் எழுத்து. ஆனால் எழுதும் விதி முடிவாகாமல் அச்சுக்குப் போகாதீர்கள்.

படுகில் வாய், வளையல், பயிர் மூன்றுக்கும் ஓரசைச் சொற்கள். உயிரொலியில் நா எவ்வளவு வளைகிறது என்பதுதான் வேறுபாடு. மொழியியலாளர் எமனோ இதை 1930-களிலேயே பதிவுசெய்தார். தமிழில் அப்படியே எழுதினால் மூன்றும் ஒன்றாகிவிடும். இன்று பெரும்பாலானோர் பேச்சில் இந்த வேறுபாடு மறைந்துவிட்டது என்பது இன்னொரு சிக்கல். பெரியவர்கள் பேச்சை ஒட்டிக் குறியிட்டால் பிள்ளைகள் தடுமாறுவார்கள். பிள்ளைகள் பேச்சை ஒட்டினால் அகராதி சொற்களை இழக்கும். அகராதியில் குறி வேண்டும், ஒன்றாம் வகுப்பு நூலில் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அடுத்தது சொல்லின் முதலில் வரும் ப. தமிழ் படித்தவர் அதை வல்லொலியாகவே வாசிப்பார். படுகு என்ற பெயரே ஆங்கில b போன்ற ஒலியில்தான் தொடங்குகிறது. சமஸ்கிருத சுலோகப் புத்தகங்களைப் போல ப³ என்று மேலெண் இடலாம். எண்ணை எங்கே தட்டுவது என்பதில்தான் தவறு நடக்கும். உயிர்க்குறிக்கு முன் தட்டினால் எழுத்து உடைந்து, திரையில் புள்ளி வட்டம் வரும். தேடினாலும் சொல் அகப்படாது. முழு எழுத்துக்குப் பின்பே எண், அதாவது பே³, என்று விதி செய்யுங்கள். எண்ணுக்குப் பதில் எழுத்தின் கீழ் அடிக்கோடு இடுவது பார்க்க அழகுதான், ஆனால் வாட்ஸ்அப்பில் ஒட்டினால் கோடு காணாமல் போகும்.

தோடர் மொழியை இந்த விதிக்குள் திணிக்காதீர்கள். அதில் உரசொலியான சகர வகை மட்டும் நான்கு. தமிழில் ச, ஷ, ஸ, ஶ என நான்கு குறிகள் இருந்தாலும், ச-வை இடத்துக்கு ஒரு விதமாக வாசிக்கிறோம். ரகரங்களின் கதை இன்னும் பெரிது. அதற்குத் தனி அட்டவணை வேண்டும்.

பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் கையாண்ட ணா, றா, லை போன்ற வடிவங்களுக்கு அரசாணை வந்தது 1978-இல். மாறியவை 13 எழுத்துகள்தாம். பாடநூலும் அச்சும் சேர்ந்து மாறியதால்தான் அவை நிலைத்தன. ஆகவே விதி, எழுத்துரு, விசைப்பலகை, பாடநூல் நான்கும் ஒன்றாக வரட்டும். எழுத்துரு யூனிகோடிலேயே இருக்கட்டும். 2010-இல் அரசே அதைத் தரமாக ஏற்றிருக்கிறது.

அச்சுக்கு முன் ஐம்பது வாக்கியங்களை ஒருவர் எழுத, அவற்றைக் கேட்டிராத வேறு ஊர்க்காரர் மூவர் தனித்தனியே வாசிக்கட்டும். இருவர் ஒரே இடத்தில் இடறினால் பிழை விதியில் இருக்கிறது. கோத்தருக்கு ஊர்கள் ஏழுதான்; ஊருக்கு ஒருவரையாவது உட்கார வைப்பது பெரிய வேலையில்லை. எங்கள் கருத்தைக் கேட்க வரைவு அனுப்பும்போது ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்புங்கள். தாளை மட்டும் பார்த்து எங்களால் சரி சொல்ல முடியாது.

இப்படிக்கு,
மலைமொழி ஆர்வலர்கள், கோத்தகிரி