அறிவிப்புப் பலகையில் ஒட்டும் அந்த ஏஜென்சி எண்

சென்னை அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பிளம்பர், தண்ணீர் லாரி எண்களுக்குக் கீழே ஹோம் நர்சிங் ஏஜென்சி எண்ணையும் ஒட்டிவிடுகிறீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், சங்கம் விசாரித்திருக்கும் என்று நம்பி அதையே அழைக்கிறார்கள். வீடுகளில் நோயாளிகளைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட செவிலியர்கள் நாங்கள். ஒட்டுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள்.

வெள்ளை கோட் போட்டவரெல்லாம் நர்ஸ் அல்ல. 3 ஆண்டு டிப்ளமோ அல்லது 4 ஆண்டு பி.எஸ்சி. முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிந்தவரே நர்ஸ். அட்டெண்டர் குளிப்பாட்டலாம், ஊட்டலாம், நடக்க வைக்கலாம். ஊசியும் குழாய் மாற்றுவதும் அவர் வேலையல்ல. நர்ஸ் கட்டணம் வாங்கிக்கொண்டு அட்டெண்டரை அனுப்புவது ரொம்ப நாளாக நடக்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள்.

அடுத்து, "இன்சுலினை எந்த சிரிஞ்சில் போடுவீர்கள்?" என்று ஏஜென்சியின் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். "எந்த இன்சுலின்?" என்று அவர் திருப்பிக் கேட்டால் விஷயம் தெரிந்தவர். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வகை விற்கிறது. 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை தடாலென்று இறங்கி நோயாளி மயங்கிவிடுவார். மாற்றி, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அதே 20 கோடு வரை இழுத்தால் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும்.

தரத்தைக் காட்டுவது படுக்கையருகே இருக்கும் நோட்டுதான். ஏற்கெனவே அந்த ஏஜென்சியை வைத்திருக்கும் குடும்பத்தின் அனுமதியோடு ஒரு வாரப் பக்கங்களைப் புரட்டுங்கள். 8, 10, 12 என்று அச்சடித்ததுபோல் நேரம், ஒரே பேனா, ஒரே அழுத்தம் என்றால் ஷிஃப்ட் முடியும்போது உட்கார்ந்து நிரப்பியது. உண்மையான நோட்டு கோணல்மாணலாகத்தான் இருக்கும்: "2.20, இடப்பக்கம் திருப்பினேன், குதிகால் சிவப்பு", "200 மில்லி கஞ்சி, பாதியில் இருமல், நிறுத்தினேன்". மூக்குக் குழாயில் ஊட்டுகிறவர், குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்; தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, ஊட்டியபின் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். படுக்க வைத்து ஊற்றினால் உணவு நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும். சிறுநீர் சேகரிக்கும் பை தரையில் கிடக்கிறதா என்றும் ஒரு கண் பாருங்கள்.

'24 மணி நேர ஆள்' என்று ஒருவரையே அனுப்புவார்கள். பகல் முழுக்க வேலை செய்தவர், இரவிலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து திருப்பிப் படுக்க வைப்பாரா? மாட்டார், முடியவும் முடியாது. படுக்கைப்புண் ஆரம்பிப்பது இங்கேதான். அட்டெண்டரைத் திட்டிப் பயனில்லை. அசையவே முடியாத நோயாளிக்கு இரண்டு ஷிஃப்டுக்குக் குறைந்து ஒப்புக்கொள்ளும் ஏஜென்சியைத் தள்ளிவையுங்கள்.

பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போகும்போது மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், அவருக்கு யார் நோயாளியின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பார், நின்றுபோன நாட்களுக்கு அட்வான்ஸ் திரும்புமா: இவை எழுத்தில் வேண்டும்.

ஒட்டும்போது எண்ணுக்குக் கீழே விசாரித்த தேதியையும் எழுதுங்கள். ஆறு மாதம் ஆனதும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, மறுபடி விசாரித்தபின் புதிதாக ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுப் பராமரிப்புச் செவிலியர்கள் சிலர்