அம்மிணிக்கு, ஃபிராங்க் விஷயமாக

திருப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அம்மிணி,

போன வாரம் வீடியோ காலில் போகிற போக்கில் இரண்டு கேள்வி கேட்டாய். "ரூபாய் இறங்கினா உங்களுக்குக் கொண்டாட்டம்தானேப்பா?" என்பது ஒன்று. ஜூலையில் நீயும் மாப்பிள்ளையும் சுவிட்சர்லாந்து போகிறீர்களே, அதற்கு அந்த நாட்டுப் பணமான ஃபிராங்க்கை இப்போதே வாங்கி வைப்பதா, பொறுத்து வாங்குவதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சிரித்தேன். இரண்டாவதற்கு "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். நெட்வொர்க் சரியில்லை என்று நீ நினைத்திருப்பாய். ஃபிராங்க் என்ற பேச்சு வந்தாலே எனக்கு அப்படித்தான். போனில் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

முதல் கேள்வியிலிருந்தே வருகிறேன். ரூபாய் இறங்கினால் ஒரு டாலருக்கு அதிக ரூபாய் வரும், ஏற்றுமதிக்காரனுக்கு லாபம் என்பது உன் கணக்கு. ஒரு வெளிநாட்டு பையர் 50,000 டி-ஷர்ட் கேட்கிறான், பீஸுக்கு 2.40 டாலர் என்று பேசி முடிக்கிறோம். மொத்தம் 1,20,000 டாலர். 2007 ஜனவரியில் டாலர் 44 ரூபாய். நான் காஸ்டிங், அதாவது செலவும் வரவும் போட்டுப் பார்த்தது அந்தக் கணக்கில்தான், 52 லட்சத்து 80 ஆயிரம் வரும் என்று. நூல், நிட்டிங், டையிங், கட்டிங், பவர்டேபிள், செக்கிங், பேக்கிங் எல்லாம் போக மூன்று லட்சம் நிற்கும் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். சரக்கு தைத்து, தூத்துக்குடியில் கப்பல் ஏற்றி, பணம் கைக்கு வரும்போது மே மாதம். டாலர் நாற்பதரை. வந்தது 48 லட்சத்து 60 ஆயிரம். நாலு லட்சத்து இருபதாயிரம் குறைச்சல். ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகவில்லை, ஒரு நாள்கூட ஷிப்மென்ட் தள்ளவில்லை, ஆனாலும் கையை விட்டுத்தான் ஒரு லட்சத்துக்கு மேல் கட்டினேன். சனிக்கிழமை சம்பளத்துக்கு நிற்கிற ஆளிடம் போய் டாலர் இறங்கிவிட்டது, கொஞ்சம் குறைத்துக்கொள் என்று சொல்ல முடியுமா?

எங்கள் தொழிலில் ரேட் கடிக்கிற இடம் அதுதான், விலை சொன்ன நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் நடுவே இருக்கிற அந்த நாலு மாசம். இன்றைக்கு டாலர் ஏறியதா இறங்கியதா என்று டிவியில் சொல்கிறார்களே, அதனால் எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஏறினால் ஏறின விலைக்குக் காஸ்டிங், இறங்கினால் இறங்கின விலைக்குக் காஸ்டிங். வாக்குக் கொடுத்த பிறகு நகர்ந்தால்தான் வம்பு.

அப்படியானால் ரூபாய் இறங்கும்போது அந்த நாலு மாசமும் எங்கள் பக்கம்தானே என்பாய். முதல் ஷிப்மென்ட்டுக்கு, ஆமாம். அடுத்த ஆர்டருக்கு பையிங் ஏஜென்ட் வந்து உட்காரும்போதே கையில் கால்குலேட்டரோடு வருவான். "அண்ணா, உங்க ரூபாய் எட்டு பர்சென்ட் இறங்கிருக்குது, எங்களுக்கு என்ன தர்றீங்க?" பேப்பரை என்னைவிடக் கவனமாகப் படிப்பவன் அவன். ஜிப், பட்டன், சாயத்தில் ஒரு பங்கு, தையல் மெஷின், நிட்டிங் மெஷின் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, அவை ஏறிவிடும். பஞ்சு நம் ஊரில் விளைந்தாலும் அதன் விலை உலகச் சந்தையைப் பார்த்துத்தான் ஆடும். நம் ரூபாய் மட்டுமா இறங்குகிறது? 2022-இல் நம்முடையது 80-ஐத் தாண்டியபோது, வருஷக்கணக்காக 85 பக்கத்திலேயே நின்ற பங்களாதேஷ் டாக்கா 100-ஐத் தாண்டிவிட்டது. பையருக்கு இரண்டு கடையிலும் தள்ளுபடி. அதனால் கொண்டாட்டம் எல்லாம் ஒரு சீசனுக்குத்தான், அம்மிணி.

இனி ஃபிராங்க்.

2007 முழுக்க டாலர் இறங்கிக்கொண்டே இருந்தது. வருஷக் கடைசியில் 40-க்கும் கீழே. அவிநாசி ரோட்டில் டீ குடிக்கிற இடத்தில்கூட அதே பேச்சுதான். அந்த நேரத்தில் ஒரு வங்கியிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். டை கட்டி, லேப்டாப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். டாலரை முன்கூட்டியே இன்ன ரூபாய்க்கு விற்றுவைக்கிற ஃபார்வர்ட் எனக்குத் தெரியும், அது பழைய முறை, அதில் ஏமாற ஒன்றும் இல்லை. இவர்கள் சொன்னது வேறு. செலவே கிடையாது சார், டாலருக்கும் சுவிஸ் ஃபிராங்க்குக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறோம், ஒரு வருஷத்துக்குள் டாலர் அந்தக் கோட்டைத் தொடாதவரை பணம் உங்களுக்கு, டாலரில் நீங்கள் விட்டதை இதில் எடுத்துவிடலாம் என்றார்கள். தொட்டால்? "தொடாது சார். இதுவரைக்கும் தொட்டதே இல்லை."

நான் சுவிட்சர்லாந்துக்கு ஒரு ஜட்டிகூட ஏற்றுமதி செய்ததில்லை. அந்த நாட்டு நோட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. என் தொழிலுக்கும் அந்தப் பணத்துக்கும் என்ன உறவு என்று அன்றைக்கு ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். கட்டிங் மாஸ்டர் கதவருகே வந்து, துணியின் கனம், அந்த ஜி.எஸ்.எம். குறைகிறது, வெட்டட்டுமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். அவரை அனுப்புகிற அவசரத்தில் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். முதலில் ஒரு தொகை கணக்கில் வரவும் வந்தது. அதை வைத்து அந்த மாதச் சம்பளத்தைப் போட்டேன், அம்மாவிடம் பெருமையாகவும் சொன்னேன்.

2008 மார்ச்சில் அமெரிக்காவில் வங்கி ஆட்டம் கண்டது, உலகமே பயந்து ஃபிராங்க்கை வாங்கப் போனது. வரலாற்றில் முதல் தடவையாக ஒரு டாலருக்கு ஒரு ஃபிராங்க்கூடக் கிடைக்கவில்லை. செக்கிங் டேபிளில் நின்று காலர் தையல் பார்த்துக்கொண்டிருந்தேன், போன் வந்தது. கோட்டைத் தொட்டுவிட்டது சார் என்றான் அதே பையன். லாபம் வந்தால் ஒரு பங்கு, நஷ்டம் வந்தால் இரண்டு பங்கு என்று அந்தப் பத்திரத்தில் இருந்ததை அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். ஊரில் நான் ஒருவன் மட்டும் இல்லை. எத்தனையோ கம்பெனிகள் மாட்டிக்கொண்டன, கோர்ட்டுக்குப் போனார்கள், வருஷக்கணக்கில் இழுத்தது. 2011-இல் இந்த மாதிரி விதிமீறல்களுக்காக ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் போட்டது. அபராதம் அரசாங்கத்துப் பணம், எனக்கு அதில் என்ன? காங்கயம் ரோட்டு இடம் அப்படித்தான் போனது. பையன்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பேராசையும் பயமும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கை என்னுடையது.

அதற்குப் பிறகு ஃபார்வர்டைத் தவிர எதையும் தொடுவதில்லை. ஆர்டர் உறுதியான அன்றே பாதிக்கு மேல் புக் பண்ணிவிடுவேன். 2013-இல் 57 சொச்சத்துக்கு புக் பண்ணினேன், ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68-ஐத் தாண்டியது. பக்கத்துக் கம்பெனிக்காரர் ஒன்றும் புக் பண்ணாமல் இருந்து புது கார் எடுத்தார். "நீங்களும் சும்மா இருந்திருக்கலாமுங்க" என்று அம்மா சொல்லிக்காட்டினாள். அந்த ஆர்டரிலும் மூன்று லட்சம் நிற்கும் என்று எழுதியிருந்தேன், அதற்கு மேலேயே நின்றது. எனக்கு அதில் வருத்தம் இல்லை, அவளுக்கு இன்னும் இருக்கிறது.

2016 உனக்கே நினைவிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று ஜூன் 23-இல் இங்கிலாந்தில் ஓட்டுப் போட்டார்கள், மறுநாள் பவுண்டு ஒன்றரை டாலர் பக்கத்திலிருந்து 1.33-க்கும் கீழே தொபுக்கென்று விழுந்தது. நீ படிக்க அங்கே லீட்ஸுக்குக் கிளம்ப மூன்று மாதம் இருந்தது. நூறு ரூபாய் பவுண்டு என்று வைத்து உன் ஃபீஸ் 16,000 பவுண்டுக்குப் பதினாறு லட்சம் சேர்த்திருந்தேன். செப்டம்பரில் சுமார் 88 ரூபாய்க்குக் கட்டினேன், 14 லட்சத்துச் சொச்சத்தில் முடிந்தது. அதே வாரம் இங்கிலாந்து பையரிடமிருந்து மெயில். எங்களிடம் டாலரில் வாங்கி அங்கே கடையில் பவுண்டில் விற்கிறவன் அவன். விலைச்சீட்டை ஏற்ற முடியாது, ஐந்து சதவீதம் குறை என்றான். குறைத்தேன். உன் ஃபீஸில் மிச்சமானது ஆர்டரில் போனது. ஒரே வீட்டில் வாங்குபவரும் விற்பவரும் இருந்தால் ரேட் இப்படித்தான் இந்தக் கையில் கொடுத்து அந்தக் கையில் பிடுங்கும்.

சரி, உன் விடுமுறை. இந்த விஷயத்தில் நீ வாங்குகிற பக்கம், பவுண்டு கொடுத்து ஃபிராங்க் எடுக்கிறாய். ஆனால் கணக்கு என்னுடையதேதான், டிக்கெட் போட்ட நாளுக்கும் பில் கட்டுகிற நாளுக்கும் நடுவே உள்ள மாதங்கள். ஃபிராங்க் ஏறுமா இறங்குமா என்று என்னைக் கேட்காதே, எவரையும் கேட்காதே. 2011 செப்டம்பரிலிருந்து யூரோவுக்கு 1.20 ஃபிராங்க்குக்குக் கீழே விடமாட்டோம் என்று அந்த நாட்டு மத்திய வங்கியே சொல்லி வைத்திருந்தது. 2015 ஜனவரி 15 காலையில், முன்னறிவிப்பே இல்லாமல், இனி அந்தக் காவல் இல்லை என்றுவிட்டது. சில நிமிஷத்தில் யூரோ ஒரு ஃபிராங்க்குக்கும் கீழே போனது. பனிச்சறுக்குக்கு வந்திருந்த ஜெர்மன்காரனுக்குக் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு விலை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வேறு விலை. சுவிஸ்காரர்களோ காரை எடுத்துக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் கான்ஸ்டன்ஸ் ஊருக்கு மளிகை வாங்கப் போனார்கள். பேப்பரில் அதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அதனால் ஓட்டல் வாடகையை ஃபிராங்க்கில் இப்போதே கட்ட முடிந்தால் கட்டிவிடு, பெரிய செலவு அதோடு உறுதியாகிவிடும். மிச்சத்தை மூன்று பங்காக்கி இப்போது ஒன்று, மே மாதம் ஒன்று, கிளம்பும் முன் ஒன்று என்று வாங்கு. நல்ல ரேட் கிடைக்காமல் போகலாம், மோசமான ரேட்டில் மொத்தமாக மாட்டவும் மாட்டாய். ஏர்போர்ட் கவுன்டரில் மாற்றாதே. "கமிஷன் இல்லை" என்று போர்டு இருந்தால் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் பார், நடுவில் உள்ள இடைவெளிதான் அவன் கமிஷன். கார்டைச் செருகும்போது மெஷின் பவுண்டில் எடுக்கவா, ஃபிராங்க்கில் எடுக்கவா என்று கேட்கும். பவுண்டு என்றால் நமக்குப் புரிகிற கணக்கு என்று கை தானாகப் போகும். ஃபிராங்க்கையே அழுத்து. பவுண்டு என்றால் மாற்று விலையை வைப்பது அவர்கள், அது ஒருநாளும் உனக்குச் சாதகமாக இருக்காது. மிச்சமாகிற காசை அங்கேயே காபிக்குச் செலவழித்துவிடு, சில்லறைக் காசை எந்தக் கவுன்டரும் திரும்ப வாங்காது.

போன தடவை லிரா விழுந்து கிடக்கிறது, மலிவு என்று இஸ்தான்புல் போனீர்களே, அது மாதிரி ஏமாற்றம் இதில் இருக்காது. 2021 தொடக்கத்தில் டாலருக்கு ஏழரை லிரா, 2023 முடிவில் 29. விழுந்தது நிஜம்தான். ஆனால் அங்கே விலைவாசி அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது, ஓட்டல்காரன் யூரோவில் வாடகை சொன்னான். சுவிட்சர்லாந்தில் எல்லாம் யானை விலை என்று தெரிந்தேதான் போகிறாய்.

எங்களையும் கூப்பிட்டாய். அம்மா ஏற்கெனவே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். ஒரு காபி ஐந்து ஃபிராங்க் என்று எங்கோ படித்துவிட்டு, "ஐநூறு ரூபாய்க்கு மேலயா? ஃபிளாஸ்க் எடுத்துக்கலாமுங்க" என்கிறாள். என்னை விழுங்கிய அன்றைக்கு ஃபிராங்க் நாற்பது ரூபாய், இன்றைக்கு நூறைத் தாண்டி நிற்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதற்காகத்தான் உட்கார்ந்து எழுதினேன். 2008 ஜூனில் உன்னை ஊட்டி ஸ்கூலிலிருந்து திரும்பக் கூட்டிவந்தோமே. எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். பெட்டியைக் காரில் வைக்கும்போது உன் சிநேகிதிகள் வாசலில் நின்று அழுதார்கள். உனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, இருமல் விடமாட்டேன் என்கிறது என்று வார்டனிடமும் உன்னிடமும் சொன்னோம். கோத்தகிரி வரை நீ பேசவே இல்லை. பிறகு, "எனக்கு எப்பப்பா இருமல் வந்துச்சு?" என்று கேட்டாய். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இருமல் வரவில்லை அம்மிணி. உனக்குக் குளிர் நன்றாகவே ஒத்துக்கொண்டது. ஜூலையில் நாங்களும் வருகிறோம், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் அங்கிருந்தே வாங்கி வை. பவுண்டில் வாங்கு.

அப்பா