அம்மாவின் தொண்டையில் முள் மாட்டிய இரவு: கூட நின்றவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும், அன்றிரவு வேலூர் அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில் எங்களுக்கு உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

அம்மா நன்றாக இருக்கிறார். நேற்றே களி கேட்டார். இன்னும் நாலு நாள் போகட்டும் என்று கஞ்சியோடு நிறுத்தி வைத்திருக்கிறேன். இந்த நன்றியை வீடு வீடாக வந்து சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உதவியவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏரியில் மீன் பிடித்தார்கள். நாங்கள் ஒன்றரைக் கிலோ ரோகு வாங்கினோம். எங்கள் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்தில் மீன் குழம்பு என்றால் கூடவே கேழ்வரகுக் களி இருக்கும். களியை மெல்லுகிறவர்களைக் கண்டால் அம்மாவுக்குச் சிரிப்பு வரும். கிள்ளி எடுத்து, குழம்பில் புரட்டி, நாக்கில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். போதாததற்கு மேல்வரிசை முழுக்கப் பல்செட். அது அண்ணத்தை மூடிவிடுவதால் வாயில் முள் கிடந்தாலும் உறைக்காது என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். ரோகுவின் சதைக்குள் இருக்கும் முள்ளும் நேர் முள் இல்லை, உண்டிகோல் கவட்டை மாதிரி நுனி பிரிந்தது.

மாட்டியதும் ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. எலுமிச்சம்பழச் சாறு குடி, முதுகில் தட்டு, வெறும் சோற்றை உருட்டி முழுங்கு. எல்லோரும் நல்ல மனதோடு சொன்னதுதான். இரண்டு சோற்று உருண்டை கொடுத்தது நான். மூன்றாவதை உருட்டும்போது மீன்கார அக்கா, செதில் ஒட்டிய கையோடு வாசலில் வந்து நின்றார். "இன்னாடி பண்ற? வேலி முள்ளுல சேலை மாட்டுனா எடுப்பியா, இன்னும் உள்ள தள்ளுவியா? தண்ணிகூடக் குடுக்காத" என்றார். இருபது வருஷமாக மீன் விற்கிறவர் சொல்லும்போது கேட்டுக்கொள்ளலாம். அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. முழுசாகக் கேட்காததற்கு மன்னிப்பும் சேர்த்து.

ஏனென்றால் சாயங்காலம் ஒரு கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, முள் கீறிவிட்டுப் போயிருக்கும், இரண்டு நாளில் சரியாகும், எப்போதும்போலச் சாப்பிடலாம்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அப்படி வெறும் கீறலாக இருப்பதும் உண்டுதான். முள் போன பிறகும் அது இருப்பது மாதிரியே ஒன்றிரண்டு நாள் உறுத்தும் என்று ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறேன். அங்கே ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்த பிறகுதான் அடுத்த ஊசி தருவார்கள். அதுவரை அந்த ஜோடி நகராது. இங்கே துண்டு எங்கே என்றே தெரியவில்லை, அதற்குள் போய்ச் சாப்பிடு என்றால்? இருந்தும் டாக்டரே சொல்லிவிட்டாரே என்று இரவு எட்டு மணிக்குப் பாதி வாழைப்பழம் கொடுத்தேன்.

எட்டரைக்கு எங்கள் தெரு நர்ஸ் அக்கா எட்டிப் பார்த்தார். தொண்டையைப் பார்க்கவே இல்லை, அம்மாவின் மடியைப் பார்த்தார். முந்தானை நனைந்திருந்தது. "எச்சிலை முழுங்குறாங்களா, துப்புறாங்களா?" என்று கேட்டார். ஒரு மணி நேரமாக அம்மா எச்சிலை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் கவனிக்கவில்லை. "எச்சில் இறங்கலன்னா காலை வரைக்கும் வைக்கக் கூடாது, கிளம்பு" என்றார். அக்கா, அந்த ஒரு கேள்வியை நான் மறக்க மாட்டேன்.

ஆட்டோ அண்ணன் ஊசூர், அரியூர் வழியாக, ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் "அம்மா, புடிச்சிக்குங்க" என்று சொல்லிச் சொல்லி ஓட்டினார். வாடகையை வாங்கிக்கொண்டார், நல்லவேளை. இல்லையென்றால் அடுத்த முறை கூப்பிடக் கூச்சமாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டர் முதலில் டான்சில் பக்கமும் நாக்கின் அடிப்பக்கமும் பார்த்தார். முள் பெரும்பாலும் அங்கேதான் குத்தி நிற்குமாம், இருந்திருந்தால் இடுக்கியாலேயே எடுத்திருப்பாராம். இல்லை. மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமரா குழாயை விட்டார்கள். அதிலும் சிக்கவில்லை. மீன் முள் எல்லாமே எக்ஸ்ரேயில் தெரிந்துவிடாது என்று சொல்லித்தான் படம் எடுத்தார்கள். எங்கள் நேரம், உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில் மயிர்போல ஒரு கோடு தெரிந்தது. சோற்று உருண்டை இறக்கிவிட்ட வேலையாகவும் இருக்கலாம் என்றபோது எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள் என்று கேட்டார்கள். வாழைப்பழம் என்றேன். வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும், ஆறு மணி நேரமாவது ஆகட்டும் என்றார்கள். பாதிப் பழத்துக்காக விடியற்காலை வரை காத்திருந்தோம்.

அந்த நேரத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பயிற்சி டாக்டர் தம்பிக்குத் தனி நன்றி. பயத்தைப் போக்கக் கதை சொன்னார்: 1897-லேயே ஜெர்மனியில் கில்லியன் என்ற டாக்டர் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பன்றி எலும்புத் துண்டை எடுத்திருக்கிறாராம். அம்மா கை ஜாடையிலேயே "களியோடவா சாப்பிட்டான்?" என்று கேட்டார். அந்தத் தம்பி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்துவிட்டார்.

விடியற்காலையில் முள்ளை எடுத்தார்கள். மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நுனி இரண்டாகப் பிரிந்து, வெளிச்சத்தில் கண்ணாடித் துணுக்கு மாதிரி இருந்தது. ஒரு நாள் முழுக்க வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினார்கள். காய்ச்சலோ, நெஞ்சுவலியோ, கழுத்து வீக்கமோ வந்தால் நேரம் பார்க்காமல் ஓடி வரச் சொல்லி, நர்ஸ் அம்மா என் வாயாலேயே இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தார். ஒன்றும் வரவில்லை. வார்டைத் துடைக்கும் அக்கா, வெறுந்தரையில் படுத்திருந்த எனக்கு ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார். அவருக்கும் என் வணக்கம்.

வீட்டுக்கு வந்த அன்று இலவம்பாடியிலிருந்து சித்தி கத்தரிக்காய் கொண்டு வந்தார். முள்ளுக் கத்தரிக்காய். அம்மா அதன் காம்பைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளிவிட்டார். மீன்கார அக்காவிடம் மட்டும், அடுத்த தடவை விரால் வந்தால் சொல்லு, அதில் முள் கம்மி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கடைசியாக, போளூர்ப் பக்கத்திலிருந்து வந்து பக்கத்துக் கட்டிலில் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு. காலையில் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்த உங்கள் சிவப்புப் பிளாஸ்க் எங்கள் பையில் வந்துவிட்டது. நீங்கள் எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வியாழக்கிழமை அம்மாவைக் காட்ட மறுபடி வருகிறோம். பிளாஸ்கைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். அதே வார்டு நர்ஸ் அம்மாவிடம் கொடுத்து வைக்கிறேன், வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.