சுவரை விடு, கதவைப் பார்

சேலம்
ஆடி 20

அன்புள்ள மாதையனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. இங்கே கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா. கடைவீதி முழுக்கப் பந்தலும் மைக் செட்டும்தான். பதினெட்டாம் பெருக்குக்கு மேட்டூரில் வழக்கம்போல நல்ல கூட்டம்.

குடிநீர், பாசனம், மின்சாரம் மூன்றையும் ஒரே அணையில் தரப்போகிறோம் என்று உன் திட்ட அறிக்கை சொல்வதாக எழுதியிருந்தாய். சுவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது, மதகுகளுக்கும் பராமரிப்புக்கும் ஆறே பக்கம்தான் என்றும் எழுதியிருந்தாய். எனக்கு உறுத்துவது அந்த ஆறு பக்கம்தான். பணம் குறைவான நாடு ஒரு தடவை கடன் வாங்கிச் சுவரைக் கட்டிவிடும். வருஷா வருஷம் கிரீஸுக்கும் ரப்பர் சீலுக்கும் பணம் ஒதுக்குவதுதான் நடக்காது.

முதலில் மின்சாரக் கணக்கை நீயே போட்டுப் பார். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, சுமார் 2,832 கோடி லிட்டர். நாள் முழுக்க நொடிக்கு 11,574 கன அடி ஓடினால் ஒரு டி.எம்.சி. தீரும். டர்பைனுக்கு மேல் 100 அடி நீர் நின்று, மொத்தத் திறன் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஆயிரம் கன அடி ஓடினால் ஏறக்குறைய 7 மெகாவாட் வரும். அதாவது ஒரு டி.எம்.சி.க்கு 20 லட்சம் யூனிட். நீர்மட்டம் பாதியாக இறங்கினால் அதே தண்ணீருக்கு 10 லட்சம்கூடத் தேறாது. வடிவமைத்த உயரத்தை விட்டு இறங்க இறங்க டர்பைனின் திறனும் சரியும், இயந்திரம் அதிரும், பிளேடில் நீர்க்குமிழிகள் வெடித்து வெடித்து இரும்பை அரித்துக் குழி போடும். எனவே எந்த மட்டத்துக்குக் கீழே டர்பைனை நிறுத்த வேண்டும் என்பதை இப்போதே எழுதி வாங்கு.

மேட்டூரைப் பார். அணை மின்நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையம் 200. அதற்குக் கீழே செக்கானூர் தொடங்கிப் பவானி கட்டளை வரை ஏழு கதவணைகள், தலைக்கு 30 மெகாவாட். இறங்கிப் போகிற ஒரே தண்ணீரை மறுபடி மறுபடி பிடித்துச் சுழற்றுகிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் பாசனத்துக்குத் திறந்தால்தான் இதெல்லாம் சுற்றும். வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறக்கும் வரை குடிநீருக்கு விடுகிற சொற்பத் தண்ணீர்தான். கோடையில் மின்தேவை உச்சத்தில் இருக்கும்போது இவை பெரும்பாலும் சும்மா நிற்கும். ஆகவே நிறுவுதிறனை வருஷத்தின் 8,760 மணி நேரத்தால் பெருக்கி வருமானம் காட்டியிருந்தால் அந்தப் பக்கத்தை நம்பாதே. மாதவாரியாக நீர்வரத்து, பாசனத் திறப்பு, மட்டம், ஆவியாதல் நாலையும் போட்டு ஒரு அட்டவணை கேள். சராசரி ஆண்டை வைத்துப் போட்டது உதவாது. பதிவில் உள்ளதிலேயே மோசமான, அடுத்தடுத்து மூன்று வறண்ட ஆண்டுகளை வைத்துப் போடச் சொல்.

மட்டத்துக்கும் கொள்ளளவுக்கும் உள்ள உறவு நேர்க்கோடு கிடையாது. மேட்டூரில் 120 அடிக்கு 93.47 டி.எம்.சி.; 100 அடிக்குச் சுமார் 65 டி.எம்.சி. மேல் இருபது அடியில் மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல் நிற்கிறது. உயரத்தில் ஆறில் ஒரு பங்கு, தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கடைசிப் பத்து அடிக்கு எல்லோரும் சண்டை போடுவது இதற்காகத்தான். ஆனால் ஊரும் வயலும் அதிகம் மூழ்குவதும், ஆவியாகும் பரப்பு விரிவதும் அதே பத்து அடியில்தான். மேட்டூர் நிரம்பியிருக்கும்போது நீர்ப்பரப்பு 59 சதுர மைல். நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் 92 கோடி லிட்டர் காற்றோடு போய்விடும்.

வண்டலைப் பற்றி உன் அறிக்கை, ‘அடிமதகு வழியே வெளியேற்றப்படும்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறது. அப்படி நடக்காது. ஆறு நீர்த்தேக்கத்துக்குள் நுழைந்து வேகம் குறைகிற இடத்திலேயே மணலையும் பருவட்டான மண்ணையும் போட்டுவிடும். அணையடி வரை வந்து சேர்வது மெல்லிய சேறு மட்டும். அடிமதகைத் திறந்தால் அதன் வாய்க்கு முன்னால் புனல் மாதிரி ஒரு குழி விழும், அவ்வளவுதான். பல மைல் தள்ளி மேலே கிடக்கும் மேடு அசையாது. பயன்படும் கொள்ளளவு முதலில் குறைவது அங்கேதான். மேட்டூரில் அணை திறந்த 1934-க்குப் பிறகு முதல்முறையாக 2017-ல்தான் தூர் வாரினார்கள். விவசாயிகள் வண்டலை அள்ளி வயலுக்குக் கொண்டுபோனார்கள், வயலுக்கு நல்லது. ஆனால் லாரியால் அள்ளி ஒரு டி.எம்.சி.யை மீட்க எத்தனை நடை வேண்டும் என்று கணக்குப் பார்: ஒரு டி.எம்.சி. என்பது 2 கோடியே 83 லட்சம் கன மீட்டர். லாரிக்கு 10 கன மீட்டர் என்றாலும் 28 லட்சம் நடை. அந்தச் செலவில் ஒரு பகுதியை முதலிலேயே மேல்மலைச் சரிவில் தடுப்பணைக்கும் மரத்துக்கும் போடச் சொல். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை நீர்த்தேக்கத்தின் அடியை அளந்து, மட்டம்-கொள்ளளவு அட்டவணையைத் திருத்த வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர். பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு இல்லாத தண்ணீரைப் பங்கு பிரிக்கிற ஊர்கள் நிறைய.

கசிவு விஷயம் சுருக்கமாக. கான்கிரீட் அணை என்றால் உள்ளே கேலரி, அதாவது ஆள் நடந்து போகிற சுரங்கப் பாதை இருக்கும். அஸ்திவாரத்துக்குள் துளைத்த வடிகால் துளைகள் அங்கே திறக்கும். கசிந்து வரும் நீரை வி வடிவ வெட்டுள்ள பலகையில் விட்டு அளக்க வேண்டும். 90 டிகிரி வெட்டில் நீர் 10 சென்டிமீட்டர் உயரம் வழிந்தால் நொடிக்குச் சுமார் 4.4 லிட்டர்; 5 சென்டிமீட்டர் என்றால் 0.8 லிட்டருக்கும் குறைவு. பாதி உயரத்துக்குப் பாதி நீர் என்று பதிவேட்டில் எழுதிவைக்கும் ஆட்கள் உண்டு, அதனால் பலகைக்குப் பக்கத்திலேயே அட்டவணையை ஒட்டிவைக்கச் சொல். கசிவு கூடினாலோ கலங்கி வந்தாலோ எல்லோருக்கும் பதற்றம் வரும். நீர்மட்டம் அப்படியே இருக்கக் கசிவு மட்டும் குறைந்தால் மகிழ்ச்சிப்படுவார்கள். அங்கேதான் ஆபத்து. துளைகளைச் சுண்ணாம்புப் படிவு அடைத்திருக்கும். வெளியேற வழியில்லாத நீர் அணையின் அடியிலிருந்து மேல்நோக்கித் தள்ள ஆரம்பிக்கும். துளைகளைத் திரும்பத் துளைத்துச் சுத்தம் செய்வதற்கு ஆளும் கருவியும் கைவசம் இருக்க வேண்டும்.

இனி கதவுகள். மேட்டூரின் 16 கண் மதகை நினைத்துக்கொள். ஒவ்வொரு கண்ணும் 60 அடி அகலம், 20 அடி உயரம். கதவின் உச்சி வரை நீர் நின்றால் ஒரு கதவின் மேல் மட்டும் ஏறக்குறைய 340 டன் அழுத்தம். அந்த அழுத்தத்தோடுதான் கதவை மேலே இழுக்க வேண்டும். ஓரச் சக்கரங்கள் உருண்டால் இழுவை கொஞ்சம்தான். சக்கரம் துருவேறி இறுகிவிட்டால் உருள வேண்டியது உராயும்; சங்கிலியும் கம்பிவடமும் பல மடங்கு சுமையைத் தாங்க வேண்டி வரும். சங்கிலி அறுவதும் எங்கே என்று பார்: நீர்மட்டம் ஏறி இறங்குகிற இடத்தில், நனைந்து காய்ந்து நனைந்து, கண்ணி மெலிந்து போன இடத்தில். மேலிருந்து பார்த்தால் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும். கண்ணியைக் காலிப்பரில் அளந்தால்தான் தெரியும்.

கர்நாடகத்தின் துங்கபத்ரா அணையில் 2024 ஆகஸ்ட் 10 இரவு நடந்தது இதுதான். 33 கதவுகளில் 19-ஆவது கதவின் சங்கிலி அறுந்தது, கதவு அடித்துக்கொண்டு போனது. அணை நிரம்பியிருந்த நேரம். மற்றக் கதவுகளையும் திறந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டியதாயிற்று. மாற்றுத் தகடுகளைப் புதிதாகச் செய்து கொண்டுவந்து, ஓடுகிற நீரிலேயே ஒவ்வொன்றாக இறக்கி அடைக்க ஒரு வாரம் ஆனது. நம்ம பக்கத்துக் கிருஷ்ணகிரி அணையிலும் 2017 நவம்பரில் முதல் மதகின் ஷட்டர் உடைந்து, சேர்த்த நீர் ஆற்றோடு போனது. இரண்டு இடத்திலும் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனவே உன் ஆறு பக்கத்தில் இவை இருக்கிறதா பார். ஒவ்வொரு கண்ணுக்கும் முன்னால் மாற்றுத் தகடு இறக்கக் காடி, அதாவது நீளப் பள்ளம். தகடுகள் அணையின் மேலேயே அடுக்கிவைக்கப்பட்டு, இறக்கும் கிரேனோடு. கதவுகளுக்கு இரண்டு தனி மின்வழி, கூடவே டீசல் ஜெனரேட்டர். அதுவும் வெள்ளம் ஏறாத உயரத்தில். வெள்ளம் வருகிற இரவில் முதலில் போவது கரண்ட். கையால் சுற்றும் ஏற்பாடு உண்டு என்று எழுதியிருப்பார்கள். ஒரு கதவை முழுக்கத் தூக்க எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்று கேட்டால்தான் அதன் லட்சணம் தெரியும். மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு கதவையும் முழு உயரத்துக்குத் தூக்கி இறக்கிப் பார்க்க வேண்டும். ஓர் அடி அசைத்துவிட்டு ‘சோதிக்கப்பட்டது’ என்று கையெழுத்துப் போடுவதை ஏற்காதே.

ஒன்றை மட்டும் மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். சேர்வராயன் மலையின் தெற்குச் சரிவில் பெய்யும் மழை மேட்டூருக்கு வராது. திருமணிமுத்தாறாகவும் சரபங்காவாகவும் அணைக்குக் கீழேதான் காவிரியில் சேரும். அணை இந்த மாவட்டத்தில், நிலம் மூழ்கியது இந்தப் பக்கத்து மக்களுக்கு. ஆனால் பக்கத்திலேயே இருக்கும் மேட்டு ஏரிகள் தலைமுறை தலைமுறையாக வறண்டு கிடந்தன. திப்பம்பட்டியில் பம்ப் வைத்து, உபரி நீரில் அரை டி.எம்.சி. சொச்சத்தை ஏற்றி 100 ஏரிகளுக்கு அனுப்பும் மேட்டூர்-சரபங்கா திட்டம் தொடங்கியதே 2021-ல்தான், அணை திறந்து 87 வருஷம் கழித்து. உன் அணையைச் சுற்றி மேட்டில் இருக்கும் கிராமங்களுக்கு எத்தனை கன அடி, எந்த மட்டத்திலிருந்து பம்ப் எடுக்கும், அந்த கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதை முதல் கல் வைக்கும் முன் எழுத வை. பிறகு கேட்டால் எல்லாத் தண்ணீருக்கும் பங்காளி வந்திருப்பான்.

மட்டம்-கொள்ளளவு அட்டவணையையும் மதகின் வரைபடத்தையும் அனுப்பு. சக்கரத்தின் பேரிங் எந்த வகை, கிரீஸ் ஏற்றும் நிப்பிள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
குமரேசன்